பனிக்காலத்துப் பாலை: யூட்டாவின் ஐந்து தேசியப் பூங்காக்களைக் காரில் சுற்றிவர ஒரு முழுமையான வழிகாட்டி

பாலை என்றதும் வெயில்தான் நினைவுக்கு வருகிறது. திணைக்கு இலக்கணம் சொன்னவர்கள் நம்மைவிடக் கவனமானவர்கள். பாலைக்குரிய பொழுதாக வேனிலைச் சொல்லிவிட்டு, பின்பனியும் அதற்கு உரியதுதான் என்று சேர்த்துவைத்தார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிப்ரவரி மாதக் காலை ஒன்றில் பிரைஸ் கேன்யன் விளிம்பில் நின்றபோது அதன் பொருள் எனக்கு விளங்கியது. கீழே ஆயிரக்கணக்கான செம்பாறைத் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கைப்பிடி வெண்பனி. கைப்பிடிக் கம்பி நெடுக எங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

ஸயான், பிரைஸ் கேன்யன், கேபிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் ஆகிய ஐந்தும் யூட்டாவின் தெற்குப் பாதியில் வரிசையாக இருக்கின்றன. லாஸ் வேகஸில் கார் எடுத்து ஐந்தையும் பார்த்துத் திரும்பினால் ஏறக்குறைய 1,200 மைல். கூட்டக் காலத்தில் இது வேறு மாதிரியான பயணம். ஸயானுக்கு மட்டும் 2021-இல் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். குளிர்காலத்தில் அதே பள்ளத்தாக்கில் ஆற்றுச் சத்தம் கேட்கும்.

ஆனால் ஆள் இல்லாத இடத்தில் கடையும் இருக்காது, குழாயில் தண்ணீரும் வராது. மைல் கணக்கை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டே விஷயங்களை வைத்துத் திட்டமிடுங்கள்: நீங்கள் நிற்கும் இடம் எத்தனை அடி உயரம், அன்று சூரியன் எத்தனை மணிக்கு மறையும்.

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஜனவரி இரண்டாம் வாரம் முதல் பிப்ரவரி முதல் பாதி வரை கூட்டம் மிகக் குறைவு, அறை வாடகையும் குறைவு. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரத்தையும், பிப்ரவரி மூன்றாம் திங்களன்று வரும் அதிபர்கள் தின வார இறுதியையும் தவிருங்கள். அந்த நாட்களில் கோடைக் கூட்டம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்துவிடும்.

என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசி வாரம்தான் நல்ல சமரசம். டிசம்பர் கடைசியில், ஆர்ச்சஸை ஒட்டிய ஊரான மோவாபில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். பிப்ரவரி முடிவில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், பிரைஸில் பனியும் அப்போது மிச்சம் இருக்கும்.

குளிர் எவ்வளவு? ஸயான் பள்ளத்தாக்கின் தரை சுமார் 4,000 அடி உயரம். ஜனவரியில் பகலில் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், இரவில் உறைநிலைக்குக் கீழே இறங்கும். பிரைஸின் விளிம்பு 8,000 முதல் 9,000 அடி, அதாவது நம் தொட்டபெட்டா உச்சியின் உயரம். அங்கே இரவில் மைனஸ் 10 சாதாரணம். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரப் பயணம்தான். காலையில் ஒற்றைச் சட்டையோடு நடந்தவர் மாலையில் கையுறை தேடுவார்.

கட்டணக் கணக்கு

காருக்கு ஸயானிலும் பிரைஸிலும் தலா 35 டாலர், ஆர்ச்சஸிலும் கேன்யன்லேண்ட்ஸிலும் தலா 30, கேபிட்டல் ரீஃபில் 20. மொத்தம் 150. எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் ஆண்டு பாஸ் 80 டாலர். எனவே யோசிக்க ஒன்றுமில்லை.

இது அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கான கணக்கு. 2026 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஆண்டு பாஸ் 250 டாலர். அது இல்லாமல் போனால் ஸயான், பிரைஸ் உட்பட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் 100 டாலர் கூடுதல். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் புறப்படும் முன்பே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸோடு படம் ஒட்டிய அரசு அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். வாசலில் அட்டை வழியாகக் கட்டத் தயாராக இருங்கள், பல பூங்காக்கள் ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டன.

கேன்யன்லேண்ட்ஸ் போகும் வழியில் இருக்கும் டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்கா. தேசிய பாஸ் அங்கே செல்லாது.

கார்: சக்கரம்தான் முக்கியம்

வாடகைக்கு எடுக்கும்போது எல்லோரும் ஆல்-வீல் டிரைவ் கேட்கிறார்கள். கேளுங்கள், தவறில்லை. ஆனால் அது பனியில் வண்டியைக் கிளப்பத்தான் உதவும். பிரேக் போட்டு நிறுத்துவது டயரின் வேலை. சாவி வாங்கியதும் டயரின் பள்ளங்களைக் குனிந்து பாருங்கள். தேய்ந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள். கவுன்ட்டரில் நிற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் டயர் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறையும். அதனால் பிரைஸில் காலையில் வண்டியைக் கிளப்பும்போது டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். பெட்ரோல் நிலையத்தில் காற்று பிடித்துக்கொள்ளலாம். கண்ணாடி கழுவும் நீரையும் கவனியுங்கள். வெப்பமான ஊரில் நிரப்பிய வண்டியில் அது உறையாத வகையாக இல்லாமல் போகலாம். எங்கள் முதல் பயணத்தில் லாரி ஒன்று சேற்றுப் பனியை முன்கண்ணாடியில் வாரி அடித்தது. விசையை அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை. அரை நிமிடம் குருட்டாம்போக்கில் ஓட்டிய பயம் இன்னும் போகவில்லை. உறையாத திரவம் ஒரு கேன் வாங்கிப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டிக்குள் இருக்க வேண்டியவை: பனி சுரண்டும் தகடு, ஆளுக்கொரு கம்பளி, தலையில் மாட்டும் டார்ச், ஒரு நாள் சாப்பாடு, ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். பூங்காக்களின் வெளிப்புறக் குழாய்கள் பலவற்றைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். நடைக்குக் கொண்டுபோகும் பாட்டிலைப் பையில் தலைகீழாகச் செருகுங்கள். தண்ணீர் மேலிருந்து உறையத் தொடங்குவதால் மூடி அடைத்துக்கொள்ளாது.

பெட்ரோல் பாதியானதும் நிரப்புங்கள். மின்சாரக் காராக இருந்தால் குளிர் அதன் தூரத்தைக் கணிசமாகக் குறைக்கும். பிரைஸிலிருந்து கேபிட்டல் ரீஃப் பக்கம் போகும் 12-ஆம் எண் சாலையில் அந்த வண்டியோடு போக எனக்குத் துணிவில்லை.

உடை, செருப்பு

பருத்தி வேண்டாம். வியர்வையிலோ பனியிலோ நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை, அதற்கு மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர்கிற அளவு உடுத்தினால் சரியாக இருக்கும்.

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் செலவு செய்வேன் என்றால் அது மைக்ரோஸ்பைக். ஷூவுக்கு மேல் ரப்பர் வளையத்தோடு மாட்டும் சிறு முள் சங்கிலி. மலைநடைப் பாதைகளில் பகலில் உருகி இரவில் உறைந்த பனி கண்ணாடி மாதிரி கிடக்கும். முள் மாட்டியவர் சாதாரணமாக நடந்து போவார், மாட்டாதவர் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பூங்காவை ஒட்டிய ஊர்களில் வாடகைக்கும் கிடைக்கும்.

வழியும் நாட்களும்

பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நாளில் முடியும். பத்தாவது நாள் பனிப்புயலுக்கு. அதை முன்கூட்டியே எங்கும் செலவழிக்காதீர்கள். தங்கும் அறைகளை ரத்து செய்யக்கூடிய வகையில் பதிவு செய்வதும் இதற்காகத்தான்.

*முதல் மூன்று நாட்கள்: ஸயான்*

லாஸ் வேகஸிலிருந்து, ஸயான் வாசலை ஒட்டிய ஊரான ஸ்பிரிங்டேல் 160 மைல், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். நெவாடா எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்சம் நடக்கலாம் என்று நினைத்தால் அங்கே நான்கு மணி, வெளிச்சம் முடியப் போகிறது.

குளிர்காலத்தில் ஸயானுக்குப் போவதில் உள்ள பெரிய லாபம் இது: மார்ச் முதல் நவம்பர் வரை பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை, ஷட்டில் பேருந்தில்தான் போக வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் ஷட்டில் ஓடாது. உங்கள் காரிலேயே கடைசி வரை போகலாம். வார இறுதியில் மட்டும் காலை 9 மணிக்குள் உள்ளே இருங்கள், நிறுத்துமிடங்கள் குறைவு.

இரு பக்கமும் செங்குத்துச் சுவர் எழும்புவதால், குளிர்காலச் சூரியன் பள்ளத்தாக்கின் தரையைப் பல இடங்களில் சில மணி நேரமே தொடும். நிழலில் கிடக்கும் பனிக்கட்டி வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். எமரால்டு குளங்களுக்குப் போகும் பாதையில் மேலிருந்து பனி ஊசிகள் விழுவதும் உண்டு. ஆற்றோரமாகச் செல்லும் பாரூஸ் பாதை சமதளம், வெயில் படும், குழந்தைகளோடு போக நல்லது.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏற 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு வேண்டும், குளிர்காலத்திலும் விலக்கு இல்லை. முந்தைய நாள் குலுக்கலில் சீட்டு கிடைக்கும் வாய்ப்பு இப்போது நன்றாகவே இருக்கும். கிடைத்தாலும் பனி கிடந்தால் போகாதீர்கள். சங்கிலியைப் பிடித்து நடக்கும் அந்த முகட்டில் இரண்டு பக்கமும் அதலபாதாளம். நாங்கள் சீட்டு கையில் வைத்துக்கொண்டே, முகடு தொடங்கும் இடத்தில் திரும்பிவிட்டோம்.

மூன்றாம் நாள் கிழக்கு வாசல் வழியாக வெளியேறுங்கள். 1930-இல் திறந்த, 1.1 மைல் நீளமான சுரங்கச் சாலையைக் கடந்ததும் பாறையின் நிறமும் வடிவமும் மாறிவிடும். பெருங்கொம்பு ஆடுகள் சாலையோரத்தில் நிற்கும். அவற்றுக்காக நடுச்சாலையில் பிரேக் போடாதீர்கள்.

*நான்காம் நாள்: பிரைஸ்*

பிரைஸ் கேன்யன் உண்மையில் ஆறு அறுத்த பள்ளத்தாக்கு இல்லை. இங்கே சிற்பி பனிதான். ஆண்டில் 170 முதல் 200 நாட்கள் வரை பகலில் உறைநிலைக்கு மேலும் இரவில் கீழும் வெப்பநிலை போய்வருகிறது. பாறை விரிசலில் இறங்கிய நீர் உறைந்து விரியும்போது பாறையைப் பிளக்கிறது, மறுநாள் உருகுகிறது, மீண்டும் உறைகிறது. ஹூடூ எனப்படும் தூண்கள் இப்படித்தான் உருவாகின்றன, இப்படித்தான் உடைந்தும் விழுகின்றன. கோடையில் வருகிறவர்கள் முடிந்த சிலையைப் பார்க்கிறார்கள். நீங்கள் உளி வேலை செய்யும் நேரத்தில் வந்திருக்கிறீர்கள்.

சூரியோதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே விளிம்புக்குப் போய்விடுங்கள். அப்புறம் காரில் ஏறி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, பத்து மணிக்குக் குயின்ஸ் கார்டன் வழியாகக் கீழே இறங்கி நவஹோ வளையம் வழியாக மேலே வரலாம். சுமார் மூன்று மைல். அந்த வளையத்தின் வால் ஸ்ட்ரீட் பகுதியைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், மறுபக்கத்தால் ஏற வேண்டும். முள் சங்கிலி இல்லாமல் இறங்காதீர்கள். எட்டாயிரம் அடி உயரத்தில் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சன்ரைஸ் பாயின்ட்டுக்கும் சன்செட் பாயின்ட்டுக்கும் இடையிலான அரை மைல் சமதளமே போதும். பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி அங்கிருந்தே தெரியும்.

ரெயின்போ பாயின்ட் வரை போகும் 18 மைல் சாலையைப் பனி பெய்யும்போது மூன்றாம் மைலுக்கு அப்பால் மூடிவிடுவார்கள். அகற்றியதும் திறப்பார்கள். காலையில் பார்வையாளர் மையத்தில் கேட்டுவிடுங்கள்.

இரவில் மேகமில்லாவிட்டால் மறுபடியும் விளிம்புக்குப் போங்கள். குளிர்காலத்தின் வறண்ட காற்றில் நட்சத்திரங்கள் மினுக்குவதற்கே இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. அந்தப் பத்து நிமிடம் போதும்.

*ஐந்தாம் நாள்: 12-ஆம் எண் சாலை*

பிரைஸிலிருந்து, கேபிட்டல் ரீஃபை ஒட்டிய ஊரான டோரி வரை 120 மைல் போல. வரைபடம் மூன்று மணி நேரம் என்று சொல்லும். நாள் முழுவதையும் ஒதுக்குங்கள். எஸ்கலான்டேவுக்கும் போல்டருக்கும் நடுவில் ஹாக்ஸ்பேக் என்ற பகுதியில் சாலை ஒரு முகட்டின் மேல் போகிறது, இரண்டு பக்கமும் சரிவு, தடுப்புச் சுவர் கிடையாது. போல்டரைத் தாண்டியதும் ஒரேயடியாக ஏறி 9,600 அடியைத் தொடுகிறது. ஐந்து பூங்காக்களிலும் இல்லாத ஆபத்து இந்தச் சாலையில்தான் இருக்கிறது.

எனவே முந்தைய இரவே யூட்டா போக்குவரத்துத் துறையின் சாலை நிலவரச் செயலியைப் பாருங்கள். புயல் வருகிறதென்றால் சேமித்து வைத்த நாளை இங்கே செலவழியுங்கள். அவசரமாகப் போயே ஆக வேண்டும் என்றால் 89-ஆம் எண் சாலையில் வடக்கே போய், 24-ஆம் எண் சாலையில் கிழக்கே திரும்பி டோரியை அடையலாம். சுற்றுத்தான், ஆனால் உயரம் குறைவு. காலை 10 மணிக்கு முன் கிளம்ப வேண்டாம். நிழல் விழும் வளைவுகளில் தார் நிறத்திலேயே கிடக்கும் மெல்லிய பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியாது. மாலை 4 மணிக்குப் பிறகு மானும் மாடும் சாலைக்கு வரும். ஆக ஓட்ட ஏற்ற நேரம் ஆறு மணி நேரம்தான்.

மண் சாலை எதிலும் இறங்காதீர்கள். ஹோல்-இன்-த-ராக் போன்ற சாலைகளில் பனி உருகியதும் களிமண் சோப்பு மாதிரி வழுக்கும். கைபேசி குறுக்குவழி காட்டினாலும் நம்பாதீர்கள். அதற்குத் தெரிவது தூரம் மட்டும்தான்.

வழியிலுள்ள சிற்றூர்களில் உணவகங்கள் பல இந்த மாதங்களில் மூடிக் கிடக்கும். சைவக்காரர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். சின்ன ரைஸ் குக்கர் ஒன்றும், வீட்டில் காய்ச்சி எடுத்த புளிக்காய்ச்சலும் எங்களைக் காப்பாற்றின. புளியோதரையை இயற்கையே ஃபிரிட்ஜில் வைத்துக் காக்கிற இடம் இது.

*ஆறாம் நாள்: கேபிட்டல் ரீஃப்*

வாட்டர்பாக்கெட் மடிப்பு என்று நூறு மைல் நீளத்துக்குப் பூமி சுருங்கி மடங்கிய இடம். 24-ஆம் எண் சாலையோரத்திலேயே ஃபிரமான்ட் என்ற பழங்கால மக்கள் செதுக்கிய பாறைச் சித்திரங்கள் உண்டு. ஃபுரூட்டா பழத்தோட்டத்தில் பழமும் இல்லை, புகழ்பெற்ற கிஃபர்ட் வீட்டுக் கடையின் பழப் பலகாரமும் (pie) இல்லை, அந்தக் கடை மார்ச்சில்தான் திறக்கும். அரை நாள் போதும். மதியம் புறப்பட்டால் 150 மைல் கடந்து வெளிச்சத்தோடு மோவாப் சேரலாம்.

*ஏழு, எட்டு: மோவாபைச் சுற்றி*

ஆர்ச்சஸில் 2,000-க்கும் மேற்பட்ட இயற்கை வளைவுகள் இருக்கின்றன. 2022 முதல் சில ஆண்டுகள் கூட்டக் காலத்தில் நேரம் குறித்த முன்பதிவு கேட்டார்கள். குளிர்காலத்தில் அந்தத் தொல்லை இருந்ததே இல்லை. டெலிகேட் ஆர்ச் போய்வர மூன்று மைல், ஏற்றம் 480 அடி. கடைசி 200 கஜம் பாறையோரத் திட்டில் நடக்க வேண்டும், வெயில் படாத பக்கம் என்பதால் அங்கே எப்போதும் பனிக்கட்டி. மாலை வெளிச்சத்தில் பார்ப்பதுதான் அழகு. திரும்பும்போது இருட்டிவிடும், தலை டார்ச் அதற்குத்தான்.

மறுநாள் விடிகாலை கேன்யன்லேண்ட்ஸின் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதியில் மேசா ஆர்ச். கீழ்ப் பாறையில் பட்டுத் திரும்பும் முதல் வெயிலில் வளைவின் அடிப்புறம் தணல் மாதிரி சிவக்கும். சில குளிர்காலக் காலைகளில் பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி நிரம்பி, மேடுகள் மட்டும் தீவுகளாக நிற்கும். கீழே மோவாப் மூடுபனியில் மூழ்கியிருக்கிறதே என்று அறையிலேயே படுத்துவிடாதீர்கள். அந்த நாளில்தான் மேலே போக வேண்டும்.

இரண்டு பூங்காக்களிலும் பாதையை விட்டு மண்ணில் கால் வைக்காதீர்கள். கறுப்பாக, பொருக்குத் தட்டி, முடிச்சு முடிச்சாகத் தெரியும் அந்த மண் உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு காலடித் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். மேலே பனி மூடியிருந்தால் எங்கே மண், எங்கே பாறை என்று தெரியாது, எனவே மற்றவர் காலடியிலேயே நடங்கள்.

டெத் வேலி, கிராண்ட் கேன்யன் சேர்க்கலாமா?

டெத் வேலிக்குக் கணக்கு தலைகீழ். கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கும் பேட்வாட்டருக்குக் குளிர்காலம்தான் கூட்டக் காலம். அங்கே ஆளில்லாத காலம் கோடை. 1913 ஜூலை 10 அன்று டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆளில்லாததற்குக் காரணம் இருக்கிறது, கோடையில் போகாதீர்கள். லாஸ் வேகஸிலிருந்து இரண்டு மணி நேரம்தான் என்பதால் இந்தக் குளிர்காலப் பயணத்தின் தொடக்கத்தில் ஒரு நாள் சேர்க்கலாம்.

கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்புக்குச் சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும். தெற்கு விளிம்பு திறந்திருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஹெர்மிட் சாலையில் சொந்தக் காரில் போகலாம், மற்ற மாதங்களில் ஷட்டில்தான்.

திரும்பும் நாள்

மோவாபிலிருந்து லாஸ் வேகஸ் 460 மைல், ஏழு மணி நேரம். கிரீன் ரிவர் ஊரில் டேங்க்கை முழுதாக நிரப்புங்கள், கழிவறைக்கும் போய்விடுங்கள். அங்கிருந்து சாலினா வரை 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 110 மைலுக்கு ஒரு பெட்ரோல் நிலையம் கிடையாது. அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் சாலைகளில் எந்த வசதியும் இல்லாத மிக நீண்ட தூரம் இது. சான் ரஃபேல் மேட்டை அந்தச் சாலை வெட்டிக்கொண்டு இறங்கும் இடத்தில் பார்வை மேடைகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் நிறுத்துங்கள். வானிலை சரியில்லை என்றால் சீடர் சிட்டியில் ஓர் இரவு தங்கிவிட்டு, காலையில் சாலை காய்ந்த பிறகு இறங்குங்கள். நெவாடா எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும், காரைத் திருப்பிக் கொடுக்க அந்த ஒரு மணி நேரம் உதவும்.